வாயைத் திறக்கச் சொல்லுங்கள், டாக்டர்

அன்புள்ள குடும்ப டாக்டர்களுக்கு,

வணக்கம். மணப்பாறைப் பக்கத்தில் 18 வருடமாகப் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து பல் வலி என்று வருகிறவர்களில் ரொம்பப் பேர் முதலில் உங்கள் கிளினிக்கில் உட்கார்ந்துவிட்டுத்தான் என் நாற்காலிக்கு வருகிறார்கள். அதில் தப்பே இல்லை. காய்ச்சலுக்கும் பேதிக்கும் கைராசிக்காரர் என்று உங்களையே தேடிப் பழகியவர்கள், பல் வலிக்கு மட்டும் வேறு வாசலுக்குப் போவார்களா? போதாக்குறைக்கு, நாங்கள் ராத்திரி 9 மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை திறப்பதே இல்லை. பல் வலியோ ராத்திரி படுத்த பிறகுதான் உயிரை எடுக்கும். அந்த நேரத்தில் விளக்கு எரிகிற இடம் பல ஊர்களில் உங்கள் கிளினிக் ஒன்றுதான்.

உங்கள் மேல் எனக்கு ஒரு குறை இருக்கிறது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பல் வலி என்று வருகிறவரின் வாயை நீங்கள் பெரும்பாலும் திறந்து பார்ப்பதில்லை.

போன வருடம் ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். மாட்டுத் தரகர் ஒருவர், 56 வயது. எங்கள் ஊர் மாட்டுச் சந்தை உங்களுக்குத் தெரியும். மாட்டின் வாயைப் பிளந்து ஒரு பார்வை பார்த்தால் போதும், ரெண்டு பல், நாலு பல், கடை சேர்ந்தது என்று வயதைச் சொல்லி, விலையையும் சொல்லிவிடுவார். அவருக்குக் கீழ்க் கடைவாயில் கடைசிப் பல் சொத்தை. ஞாயிற்றுக்கிழமை வலி தாங்காமல் தன் டாக்டரிடம் போனார். வலிக்கு ஒரு டைக்ளோ ஊசி, மூன்று நாளைக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை. மறுநாள் வலி இல்லை, அதற்கடுத்த நாள் வியாபாரத்துக்குப் போய்விட்டார். புதன்கிழமை தாடைக்குக் கீழே வீங்கியது. மறுபடி போனார். ஆன்டிபயாடிக்கை மாற்றிக் கொடுத்து, கூட ஒரு ஸ்டீராய்டு ஊசியும் போட்டார்கள். வீக்கம் கொஞ்சம் வடிந்த மாதிரி இருந்ததாம். வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு அவர் மகன் என் வீட்டுக் கதவைத் தட்டினான்.

திண்ணையில் முன்பக்கம் குனிந்து, ஒரு கையை முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். இன்னொரு கையால் தோள் துண்டை வாயோடு சேர்த்துப் பிடித்திருந்தார். எச்சிலை விழுங்க முடியவில்லை, வழிந்து வழிந்து துண்டு முழுக்க நனைந்திருந்தது. பெயரைக் கேட்டேன். வாயில் சுடுசோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் நாக்கு மேலே எழும்பி அண்ணத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் அமுக்கினால் சதை அமுங்கவில்லை, பலகை மாதிரி இருந்தது. சர்க்கரை 380.

என்னவென்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். லுட்விக்ஸ் ஆஞ்சைனா. 1836-இல் ஜெர்மன் மருத்துவர் வில்ஹெல்ம் ஃபிரெட்ரிக் ஃபான் லுட்விக் எழுதி வைத்தது, நீங்களும் நானும் பரீட்சைக்குப் படித்தது. கீழ்த் தாடையின் இரண்டாவது, மூன்றாவது கடைவாய்ப் பற்களின் வேர் நுனி, வாயின் தரையாக இருக்கிற தசை தாடையில் ஒட்டும் கோட்டுக்கும் கீழே போய் நிற்கிறது. அங்கே சீழ் பிடித்தால் அது வாய்க்குள் உடைவதில்லை, கழுத்துப் பக்கம் இறங்குகிறது. பிறகு நாக்கைத் தூக்கி மூச்சுக்குழாயை அடைக்கிறது. ஆன்டிபயாடிக் வருவதற்கு முந்தைய காலத்தில் இது வந்தவர்களில் பாதிக்கு மேல் இறந்துபோனார்கள்.

108-ஐக் கூப்பிட்டோம். படுக்க வைக்காதீர்கள், உட்கார்ந்தபடியே கொண்டுபோங்கள் என்று ஆம்புலன்ஸ் தம்பியிடம் சொல்லிவிட்டு நானும் கூட ஏறிக்கொண்டேன். திருச்சி போய்ச் சேரும்வரை அவர் மூச்சு விடும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்து, தாடைக்குக் கீழே கீறிச் சீழை எடுத்து, அந்தப் பல்லையும் எடுத்தார்கள். 16 நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். பிழைத்துக்கொண்டார். இப்போதும் சந்தைக்குப் போகிறார், சட்டைக் காலரை மேலே தூக்கி விட்டுக்கொண்டு.

அவருக்கு வைத்தியம் பார்த்தவரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர், பணத்துக்குப் பறக்காதவர். சில நாள் கழித்து அவரைப் பார்த்தபோது, "சார், வாய்க்குள்ள பார்த்தீங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கன்னத்தைத்தான் பார்த்தேன் தம்பி" என்றார். அவருக்குப் பின்னால் 40 பேர் காத்திருந்திருப்பார்கள். எனக்கு அது புரிகிறது. ஆனாலும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கை அமுக்கும் குச்சியோடு டார்ச் அடித்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும், அவ்வளவுதான். தொண்டை வலிக்கு நீங்கள் தினம் பத்துப் பேருக்கு அதைச் செய்கிறீர்கள். தொண்டைக்கு அடிக்கிற வெளிச்சத்தை ஒரு அங்குலம் முன்னால் அடியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வாய் மூன்று விரல் அளவுக்குத் திறக்கிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா, நாக்குக்கு அடியில் மெத்தென்று இருக்கிறதா இறுகியிருக்கிறதா, குரல் மாறியிருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா. இதில் ஒன்று சரியில்லை என்றாலும் அது பல் வலி என்ற கணக்கில் வராது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே, அப்போதே போக வேண்டிய கேஸ். அதுவும் சர்க்கரைக்காரர் என்றால் யோசிக்கவே வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-இல் சொன்ன கணக்குப்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்களுக்கு வீக்கம் வடியட்டும் என்று போடுகிற ஸ்டீராய்டு ஊசி, ஒரு ராத்திரிக்கு முகத்தை நல்லபடியாகக் காட்டும். உள்ளே சர்க்கரையை ஏற்றி, கிருமிக்கு வழி விட்டுவிடும்.

சரி, வீக்கம் இல்லை, வெறும் வலி. இங்கேதான் ஆன்டிபயாடிக் பற்றிக் கொஞ்சம் மனம் விட்டுப் பேச வேண்டும்.

பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாயுமாக இருக்கிற கூழுக்கு வீங்க இடம் கிடையாது. சுற்றிலும் கெட்டிச் சுவர். உடம்பில் வேறெங்கு அழற்சி வந்தாலும் சதை உப்பி இடம் கொடுக்கும், இங்கே முடியாது. அதனால்தான் படுத்ததும் ரத்த ஓட்டம் கூடித் துடிக்கிறது, அதனால்தான் சூடான காப்பி பட்டதும் ஆள் எழுந்து ஓடுகிறார். இந்தக் கட்டத்தில் அங்கே ஆன்டிபயாடிக் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. 2019-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. நோய் எதிர்ப்பு சக்தி நன்றாக உள்ள பெரியவர்களுக்குப் பல் கூழ் அழற்சிக்கும், வேர் நுனியோடு நிற்கிற சீழுக்கும், பல் வைத்தியம் உடனே கிடைக்கும் என்றால் ஆன்டிபயாடிக் வேண்டாம். காய்ச்சல், உடல் சோர்வு என்று உடம்பு முழுக்கப் பரவுகிற அடையாளம் தெரிந்தால் கொடுக்கலாம். அப்போதும் சீழை வெளியேற்றுவதும், பல்லைத் திறப்பதோ எடுப்பதோ தான் வைத்தியம், மாத்திரை அதற்குத் துணை.

ஆனால் மாத்திரை கொடுத்தால் வலி நிற்கிறதே என்பீர்கள். நிற்கிறது. அதற்குத்தான் நான் ரொம்பப் பயப்படுகிறேன். வலி மாத்திரையால் நின்றால் மாத்திரை தீர்ந்ததும் திரும்பி வரும், பரவாயில்லை, ஆளும் திரும்பி வருவார். நாலைந்து நாளில் அதுவாக நின்றுவிட்டால் பல பேருக்கு உள்ளே கூழ் செத்துவிட்டது என்று அர்த்தம். நரம்பு செத்த பிறகு எது வலிக்கும்? நோயாளி, டாக்டர் கொடுத்த மருந்து கேட்டுவிட்டது என்று போய்விடுகிறார். நீங்களும் நம் மருந்து கேட்டது என்று நம்புகிறீர்கள். செத்த கூழில் கிருமி ஊறி, வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்குகிறது. ரெண்டு மாதமோ ஆறு மாதமோ கழித்துக் கன்னம் பந்து மாதிரி வீங்கி வருகிறார். முதல் நாளே வந்திருந்தால் ரூட் கேனால் செய்து பல்லைக் காப்பாற்றியிருக்கலாம். சில நேரம் அடைத்தே அனுப்பியிருக்கலாம்.

அந்த ராத்திரிக்கு என்ன கொடுப்பது? வேறு நோய் இல்லாத பெரியவர் என்றால் சாப்பிட்ட பிறகு ஐப்யூபுரூஃபன் 400 மில்லிகிராமும் பாரசிட்டமால் 500 மில்லிகிராமும் சேர்த்துக் கொடுங்கள். பல் வலிக்கு இந்த இரண்டும் சேர்ந்து வேலை செய்வது மாதிரி தனியாக எதுவும் செய்வதில்லை. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ரத்தம் உறையாமைக்கு மருந்து, கர்ப்பம், டெங்கு சந்தேகம், இதிலெல்லாம் பாரசிட்டமால் மட்டும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன், ஏனென்றால் போன மாதம்கூட ஒரு சீட்டில் பார்த்தேன். இதயத்தில் செயற்கை வால்வு வைத்து, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்குப் பல்லுக்கென்று மெட்ரோனிடசோல் ஆன்டிபயாடிக் எழுதியிருந்தது. அந்த ரெண்டும் சேர்ந்தால் ரத்தம் நிற்காது.

அப்புறம், அனுப்புவது எப்படி என்று ஒன்று இருக்கிறது. "முடிஞ்சா ஒரு பல் டாக்டரைப் பாருங்க" என்று நீங்கள் சொன்னால் அவர் பார்க்க மாட்டார். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று பாட்டி காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவர் அவர். கண்ணுக்குப் போகிற பார்வை நரம்பு வேறு, பல்லுக்குப் போகிற நரம்பு வேறு என்று நான் தொண்டை கிழியச் சொன்னாலும், பல் பிடுங்கிக் காசு வாங்குகிறவன் வேறென்ன சொல்வான் என்றுதான் நினைப்பார். அதையே நீங்கள் சொன்னால் வேதவாக்கு. செலவைப் பற்றிய பயமும் இருக்கும். பல தாலுகா அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. "நாளைக் காலைல பத்து மணிக்குப் போங்க, நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கட்டாயம் போவார். உங்கள் வார்த்தைக்கு இருக்கிற மரியாதை எங்கள் போர்டுக்கு இல்லை, எனக்கு அது நன்றாகத் தெரியும்.

இனி, விழுந்த பல்லைப் பற்றி. இதை எழுத வேண்டும் என்று பல வருடமாக மனதில் இருக்கிறது.

ஒன்பது வயதுப் பையன், பள்ளிக்கூடத்தில் கபடி விளையாடும்போது விழுந்து மேல் முன்பல் ஒன்று வேரோடு வந்துவிட்டது. உதடும் கிழிந்திருந்தது. பக்கத்துக் கிளினிக்கில் உதட்டுக்குத் தையல் போட்டு, டி.டி. ஊசி போட்டு அனுப்பியிருந்தார்கள். மறுநாள் காலை என்னிடம் வந்தார்கள். தையல் அவ்வளவு நேர்த்தி, அதைப் போட்டவருக்குக் கை கொடுக்கலாம். பல் எங்கே என்று கேட்டேன். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே டிஷ்யூ பேப்பரில் சுற்றிய பல், காய்ந்து, வேர் மஞ்சளாகிக் கிடந்தது. "டாக்டர் பத்திரமா வச்சுக்கச் சொன்னாருங்க" என்றார்.

பால் பல் விழுந்தால் சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிகிறவர்கள் நாம். விழுந்த நிரந்தரப் பல்லைத் திரும்ப அதே குழியில் நட முடியும் என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. வேரின் மேல் ஒட்டியிருக்கிற மெல்லிய சவ்வில் உயிரணுக்கள் இருக்கின்றன. வெளியே காய விட்டால் ஒரு மணி நேரத்துக்குள் அவை செத்துவிடும். அதற்குள், முடிந்தால் விழுந்த இடத்திலேயே, பல்லைத் திரும்ப வைத்துவிட வேண்டும். வெள்ளையாகத் தெரிகிற தலைப் பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும், வேரைத் தொடக் கூடாது, தேய்க்கக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் சலைன் பாட்டில் உங்கள் கையிலேயே இருக்கிறது, மெதுவாக ஒரு ஊற்று. குழிக்குள் வைத்து, ஒரு துணியைக் கடிக்கச் சொல்லி எங்களிடம் அனுப்புங்கள். வைக்கத் தயக்கமாக இருந்தால் ஆறிய பாலில் போட்டு அனுப்புங்கள். ஆவின் பாக்கெட் இல்லாத பெட்டிக்கடை எது? வெறும் தண்ணீரில் மட்டும் போட வேண்டாம், அந்த அணுக்கள் அதில் உப்பி வெடித்துவிடும். ஆறேழு வயதுக்கு முந்தைய பால் பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது, கீழே வளர்கிற பல்லுக்குக் கேடு.

இதைச் சரியாகச் செய்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். 70 வயதைத் தாண்டிய குடும்ப டாக்டர், எங்கள் பக்கத்துக் கிராமத்தில் ஒரு ஓட்டு வீட்டில் கிளினிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் பண்ணினார். "தம்பி, பன்னண்டு வயசுப் பொண்ணு, சைக்கிள்ல இருந்து விழுந்துடுச்சு. பல்லு டம்ளர் பால்ல இருக்கு. இருபது நிமிஷத்துல வந்துடுவாங்க, கடையைத் திறந்து வை." சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். எவர்சில்வர் டம்ளரை அந்தப் பெண்ணின் அப்பா இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, தளும்பாமல் நடந்து வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பல்லை வைத்து, பக்கத்துப் பற்களோடு சேர்த்து ரெண்டு வாரத்துக்குக் கம்பி கட்டினோம், பிறகு ரூட் கேனால் செய்தோம். நாலு வருடம் ஆகிறது. அந்தப் பல்லால்தான் இப்போதும் சிரிக்கிறாள். வைத்தியம் நான் செய்தேன். பல்லைக் காப்பாற்றியது அந்தப் பால் டம்ளர்.

பல் பிடுங்கிய இடத்தில் ராத்திரி ரத்தம் நிற்கவில்லை என்று உங்களிடம் வருவார்கள். அது பெரும்பாலும் எங்கள் நோயாளிதான். கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பி, கட்டிய உறைவை அவரே கரைத்திருப்பார். காஸ் துணியைக் கெட்டியாக மடித்து, குழிக்கு நேராக வைத்து, அரை மணி நேரம் பேசாமல் கடிக்கச் சொல்லுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. ரத்தக் கசிவை நிறுத்துகிற டிரானெக்சாமிக் ஆம்ப்யூல் ஒன்றை அந்தத் துணியில் நனைத்து வைத்தால் இன்னும் நல்லது. பெரும்பாலும் நின்றுவிடும். இதய நோய்க்கு, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடுகிற மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். பல்லில் கசிகிற ரத்தத்தை அமுக்கி நிறுத்தலாம், ஸ்டென்ட் அடைத்தால் அப்படி முடியாது.

உங்களிடமிருந்து நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. மலைக்கோட்டைப் படி ஏறினால் இடது தாடை வலிக்கிறது, உட்கார்ந்தால் நின்றுவிடுகிறது என்று ஒரு அம்மா வந்தார். நானும் எக்ஸ்ரே எடுத்து, சந்தேகப்பட்டு ஒரு பழைய அடைப்பைக்கூடத் தட்டிப் பார்த்தேன். பல்லில் ஒன்றும் இல்லை. அவருடைய குடும்ப டாக்டருக்குப் போன் பண்ணினேன். அவர் முழுசாகக் கேட்கக்கூட இல்லை, "உடனே இங்க அனுப்புங்க, ஈ.சி.ஜி. எடுக்கணும்" என்றார். இதயக் குழாயில் அடைப்பு. அன்றைக்கு அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "நடந்தா வலிக்குதா, கடிச்சா வலிக்குதா?" அதை நான் வந்தவுடனேயே கேட்டிருக்க வேண்டும்.

இந்த மாதிரி ஒரு போன், ரெண்டு பக்கமும் போக வேண்டும். எம்.பி.பி.எஸ். படிப்பில் பல்லுக்கென்று உங்களுக்குக் கிடைத்த நேரம் சொற்பம். பி.டி.எஸ்.-இல் எங்களுக்குப் பொது மருத்துவம் ஒரு பாடமாக இருந்தும், பாஸ் ஆனதும் பலர் அதை மூடி வைத்துவிட்டோம். நீங்கள் அனுப்புகிற நோயாளிக்கு என்ன செய்தோம் என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புகிற பழக்கம்கூட எங்களிடம் இல்லை. கடிதம் வராத இடத்துக்கு யார் ஆளை அனுப்புவார்கள்? இந்தத் தப்பு எங்களுடையது. இந்த மாதத்திலிருந்து நான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துப் பல் டாக்டர்கள் ஆறு பேர் பேசி வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமையும் ராத்திரியும் முறை வைத்து, ஒருவருடைய போன் எப்போதும் எடுக்கப்படும். அந்த வாரம் யார் என்பதை உங்கள் கிளினிக் சுவரில் ஒட்டுகிற மாதிரி ஒரு சீட்டாக எழுதி, நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன். உங்கள் மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் கொடுத்தால், எப்படிப் பார்ப்பது, எதைப் பார்த்தால் பயப்படுவது என்று படம் போட்டுக் காட்டவும் தயாராக இருக்கிறேன். அந்த மாட்டுத் தரகரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். காலரை இறக்கிவிட்டுத் தழும்பைக் காட்டுகிறாராம்.

அன்புடன்,
ஒரு பல் டாக்டர்,
மணப்பாறை வட்டம்